வெங்காயம் சேராத சமையல்

2006 ஆடி மாதத்தில் கங்கம்மாவின் காலுக்குத் தரை தெரியாமல் போனது.

கவரைப்பேட்டைக்கு மேற்கே அவளுக்கும் கணவன் கலியனுக்கும் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் கலியன் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலைக்குப் போவான். அங்கே பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் மாறிப் பாய்ந்ததில் இறந்தான். காரியம் முடிந்த பிறகு கங்கம்மா கீழே பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதம் தரையில்தான் இருந்தது; படுவது மட்டும் தெரியவில்லை. வரப்பில் ஏறினால் மிதப்பதுபோல் ஆகி உட்கார்ந்துவிடுவாள். நரம்பில் குறையில்லை என்றார் மருத்துவர். சம்பா நடவுக்குள் சேற்றில் கால் ஊன்றாவிட்டால் நிலத்தை வேறு கைக்கு விட வேண்டியதுதான்.

அந்த மருத்துவரிடம் உதவியாளராக இருந்த கிரேஸ், சென்னைக்கு ஞாயிறுதோறும் போய்ச் சக்கர சிகிச்சை படித்தவள். படித்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்பவள். முதுகெலும்பின் அடியில் மூலாதாரம் இருக்கிறது, பெரிய அதிர்ச்சியில் அது ஆட்டம் காணும், மண்ணுக்குள் விளைவதைச் சாப்பிட்டால் மெல்ல நிலைகொள்ளும் என்று விளக்கினாள். கிழங்கு வகைகள்; துணைக்கு எள், உளுந்து, மிளகு. கறி, மீன், வெங்காயம், பூண்டு மனதைக் கிளறும், கூடாது. பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னாள். நறுக்கும்போது பலகையில் ஓடிய சிவப்பைப் பார்த்ததும் கங்கம்மா அதை விட்டுவிட்டாள். கருணையும் சேம்பும்தான் தினமும்.

அந்த வீட்டில் வெங்காயம் சேராத சமையல் அமாவாசைக்கு மட்டுமே உண்டு. அதனால் கை பழகிய வழியே போயிற்று. குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். உப்புப் பார்க்காமல் இறக்கினாள். முதல் பிடிச் சோற்றை இலைத் துண்டில் எடுத்துப் போய்ப் பின்பக்கச் சுவரின்மேல் வைத்துக் காகத்தைக் கூப்பிட்ட பிறகே சாப்பிட்டாள்.

முதலில் காகங்கள் வந்தன. பிறகு முருங்கையில் உட்கார்ந்து இலையைப் பார்ப்பதோடு சரி, இறங்கவில்லை. ஆனாலும் சோறு குறைந்தது. ஒரு மதியம் உற்றுப் பார்த்தாள். குவியலின் ஒரு பக்கம் வழித்து எடுத்ததுபோல் பள்ளம். அதில் நான்கு விரல்களின் தடம். கலியனுக்கு வலது கட்டைவிரல் கிடையாது, எப்போதோ ஆலையில் போனது. அவன் சோற்றை வழித்துத்தான் உண்பான்.

மறுநாள் அவள் இன்னும் ஒரு பிடி சேர்த்து வைத்தாள்.

இலை இருக்கும் இடம் சுவரிலிருந்து துவைகல்லுக்கு வந்தது. அங்கிருந்து பின்வாசல் படிக்கு. தான் மாற்றியதாக அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்குள் கால் நன்றாக ஊன்றியது. முன்வாசலைத் தாண்டினால் தரை மறுபடி போய்விடும். தட்டில் இருக்கும் எதற்கும் ருசி இல்லை.

மணவாள நகரிலிருந்து கலியனின் அக்கா பூவம்மாள் வந்தாள்.

"இன்னாடி, ஒரு கருவாட்டுத் துண்டுகூட இல்ல. சாமியாரிணி ஆய்ட்டியா?" என்று கிண்டலாகக் கேட்டபடி உட்கார்ந்தவள், கங்கம்மா இலையோடு பின்பக்கம் போவதைக் கண்டு எழுந்துவிட்டாள்.

"இன்னிக்கி அமாவாச இல்லியே."

"தெனம் வெக்கிறன் அண்ணி."

பூவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தெனம் கூப்ட்டுக்கினு இருந்தா அவன் எப்டிடி போவான்? அவன் துன்ன மிச்சத்தத்தான் நீ துன்னுக்கினு கீற."

"வந்தா இன்னா அண்ணி? வந்துட்டுப் போவட்டும்."

பூவம்மாள் பின்வாசல் படியையே பார்த்தாள். சாப்பிடாமலே கிளம்பிப் போனாள்.

கங்கம்மா இதைக் கிரேஸிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருநாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவதோடு சரி, வெங்காயம் இல்லாமல் சமைத்தால் அது இறந்தவருக்கான படையல் என்பது தெரியாது என்றாள். வகுப்பில் சொன்ன விதியைத் தானே தளர்த்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்த விதிக்குள்ளேயே ஒரு வழி தேடினாள்.

"வெங்காயமும் மண்ணுக்குள்ள வெளையறதுதானேக்கா. போட்டுக்கோ."

மறுநாள் கங்கம்மா வெங்காயத்தை எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தாள். கரண்டியில் ஊற்றி உப்புப் பார்த்தாள். இலை நறுக்கவில்லை. தட்டோடு உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்தபோது பின்வாசல் படியில் ஒரு செருமல் கேட்டது. சோறு தாமதமானால் கலியன் அப்படித்தான் செருமுவான்.

கை நின்றது. எழுந்து ஒரு பிடி சோறு வைத்தால் போதும். முன்வாசலுக்கு அப்பால், ஆள் வைத்து விதைத்த நாற்று பறிக்கும் பதத்துக்கு வளர்ந்து நின்றது. பின்பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"இன்னிக்கி இல்லய்யா. அமாவாசைக்கு வா."

கவளத்தை வாயில் போட்டாள். வெங்காயம் இனித்தது. தட்டைக் காலி செய்து கை கழுவிவிட்டு, முன்வாசலைத் தாண்டி வயலுக்கு நடந்தாள். வரப்பின் ஈரம் சில்லென்று பாதத்தில் ஏறியது. வீட்டுக்குப் பின்னாலிருந்து செருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.