தேவசகாயம் ஹவில்தார் ஓடிய நாள்

முத்தையாபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, முகாமில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட நாசரேத்துக்காரர் என் தோளைத் தொட்டு, ஹவில்தார் போய்விட்டார் என்றார். எந்த ஹவில்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரே ஒரு ஹவில்தார்தான். எப்படி என்று மட்டும் கேட்டேன். நெஞ்சுவலி, படுக்கையிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றார். வெடிமருந்தோடு அத்தனை வருஷம் புழங்கியவர் கை கால் முழுசாகக் கட்டிலில் போய்ச் சேர்ந்தாரே என்று முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அழுகை பஸ் ஏறிய பிறகு வந்தது.

அவரோடு பழகியவர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம். பழகாதவர்களுக்கு அவர் 'ஓடின ஹவில்தார்'. அந்தப் பட்டப்பெயரை அடக்கத்தன்றுகூட ஒருவர் வாய் கூசாமல் சொன்னார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போர் முடிந்த பிறகு, ராணுவப் பொறியாளர் படையில் ஒரு பிரிவு துறைமுகத்துக்குத் தெற்கே கடற்கரையில் முகாம் போட்டது. பின்னால் தேரி என்கிற செம்மணல் மேடு, முன்னால் கடல். வெடி வைத்துத் தகர்ப்பதற்கு அங்கே பயிற்சி நடந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை என்று ஸ்ரீவைகுண்டத்தில் கம்பவுண்டராக இருந்த என்னைச் சம்பளத்துக்குப் பிடித்துப் போட்டார்கள். ஆம்புலன்ஸ் வேன் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், உள்ளே கம்பவுண்டர் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் திரியில் நெருப்பு. இதுதான் விதி. அதாவது, எவனுக்காவது கை போகுமா என்று காத்திருப்பதுதான் என் உத்தியோகம். ஒவ்வொரு வெடியும் வெடித்து முடிந்த பிறகுதான் எனக்குப் பசி எடுக்கும்.

பாதுகாப்புக்குப் பொறுப்பு தேவசகாயம் ஹவில்தார். விதிகள் விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நிற்க முடியாது. வாசலிலேயே பீடியும் தீப்பெட்டியும் ஒரு தகர டப்பாவுக்குள் போய்விடும். குச்சியே இல்லாத வெறும் தீப்பெட்டியை ஒரு நாள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். காலி டப்பாதானே அண்ணாச்சி என்று எரிச்சலோடு கேட்டேன். உம்மிடம் காலி டப்பா இருந்தால் இன்னொருத்தன் குச்சி கொண்டுவருவான் என்றார். வெடிமருந்து கொண்டுபோகிறவன் வேறு, அதை வெடிக்கவைக்கிற 'கேப்' என்கிற சின்னக் குப்பியைக் கொண்டுபோகிறவன் வேறு. இருவரும் சேர்ந்து நடக்கக்கூடாது. திரியைப் பற்றவைத்தவன் நடந்துதான் திரும்ப வேண்டும், ஓடவே கூடாது. ஓடுகிறவன் தடுக்கி விழுவான், அவன் ஓடுவதைப் பார்த்து மற்றவனும் ஓடுவான் என்பார்.

வெடி வைக்கப் போகிற சிப்பாய் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பயமாக இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தியவனை, "அப்பம் நீ போய் உக்காருலே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பயம் என்று ஒப்புக்கொண்டவனுக்குத்தான் திரி. இதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் தம்மை மட்டும் விட்டுவைத்ததில்லை. வெடி உள்ள நாளில் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. தமக்குப் பயம் என்பதை மறைக்கவும் மாட்டார்.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். வடக்கே ஏதோ ஒரு முகாமில் திரி அணைந்துவிட்டது என்று நினைத்து, காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு முன்னால் அவருடைய கூட்டாளி பார்க்கப் போயிருக்கிறார். கூட்டாளியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தவர் இவர். "அணைஞ்ச திரின்னு ஒண்ணு கெடையாது வே. நம்ம கண்ணுக்குத் தெரியாம எரிஞ்சிக்கிட்டிருக்க திரிதான் உண்டு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தக் கடலோரத்து ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் வெடி வைத்தால் மீன் செத்து மிதக்கும். அதை அள்ள வடக்கே உள்ள ஊரிலிருந்து வள்ளங்களில் வந்துவிடுவார்கள். எத்தனை தடவை எச்சரித்தாலும் சரி சரி என்று கேட்டுக்கொள்வார்கள். சைரனை நாங்கள் ஒத்திகைக்கும் சுற்றுவோம், நிஜத்துக்கும் சுற்றுவோம், அதனால் அதை அவர்கள் காதில் வாங்குவதே இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். காக்கிச்சட்டைகள் பதுங்கியிருந்தால் ஆபத்து. வெளியே வந்து நிமிர்ந்து நடந்தால் ஆபத்து தீர்ந்தது, மீனுக்குப் போகலாம். வள்ளக்காரர் சந்தியாகு என்னிடம் மருந்து வாங்க வந்தபோது சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். அதுவரை ஒரு தடவையும் அது தப்பியதில்லை.

அன்று ஆழமில்லாத தண்ணீரில் இரண்டு இரும்புத் தூண்கள் நட்டு, இரண்டிலும் வெடி கட்டியிருந்தார்கள். ஒன்று வெடித்தது. மற்றது வெடிக்கவில்லை. சிப்பாய்கள் குழிகளில் பதுங்கியிருந்தார்கள். யாரும் அசையக்கூடாது என்று ஹவில்தார் கை காட்டினார். நான் வேனுக்குள் கடலைப் பார்த்த பின்கதவருகே உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் எரிகிற அந்தத் திரியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வடக்கேயிருந்து இரண்டு வள்ளங்கள் வந்தன. காவல் படகு தெற்கே வேறு யாரையோ மறித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மீன் மிதந்தது. சைரனைச் சுற்றினார்கள். வள்ளங்கள் நிற்கவில்லை. ஒன்று வெடித்துவிட்டது, காக்கிச்சட்டைகள் இனி வெளியே வர வேண்டியதுதான் பாக்கி என்று மெல்ல நெருங்கிக்கொண்டே இருந்தன.

ஹவில்தார் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வேன் பக்கமாக வந்தார். போகாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்தேன்.

"எனக்கும் ஒதறத்தான் செய்யுது வே. அவனுவ வாரானுவளே, என்ன செய்யச் சொல்லுதீரு? நீரு எறங்காதீரும். கம்பவுண்டர் ஒருத்தர்தான் இருக்கீரு."

விதிப்படி நடந்துதான் போனார். நிமிர்ந்து, கொடியை வீசிக்கொண்டு, தண்ணீரை நோக்கி. அவரைக் கண்டதும் வள்ளங்களில் துடுப்பு இன்னும் வேகமாக விழுந்தது. சந்தியாகு சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காக்கிச்சட்டை நிமிர்ந்து நடக்கிறது, ஆபத்து தீர்ந்தது என்று வருகிறார்கள். அந்த அடையாளத்தை நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவருக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். சட்டென்று நின்றார்.

அடுத்து நடந்ததை அன்று பார்த்தவர்கள் எல்லோரும் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். ஹவில்தார் கொடியைக் கீழே போட்டார். தொப்பி பறக்க, 'ஐயோ, ஐயோ' என்று ஓலமிட்டுக்கொண்டு, வெறிநாய் துரத்தியவரைப் போல அலைவாய்க்கரையோடு தெற்கே ஓடினார். வேனுக்குப் பக்கத்துக் குழியில் ஒரு சிப்பாய் சிரித்தே விட்டான். முன் வள்ளத்தில் நின்றவர் அந்த ஓட்டத்தைப் பார்த்தார். துடுப்பைத் திருப்பிப் போட்டார். பின்னால் வந்த வள்ளமும் திரும்பியது. அவர்கள் கொஞ்ச தூரம் விலகியிருப்பார்கள், வெடி வெடித்தது. தண்ணீர் பனை உயரத்துக்கு எழுந்து விழுந்தது. வேன் கூரையில் மணல் கொட்டியது.

எனக்கு எந்த விதியும் ஞாபகமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குப்புற விழுந்து கிடந்தார், இடது காதிலிருந்து ரத்தம். வள்ளம் என்ன ஆயிற்று என்று கேட்டார். இரண்டும் திரும்பிவிட்டன என்றேன். கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் அதையே கேட்டார். கையால் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தார்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். வள்ளங்களைத் திருப்புவதற்காகப் பயந்ததுபோல் நடித்தேன் என்று சொல்லிவிடு, ஓடியதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வழி காட்டினார். கட்டுப்போட்ட காதோடு இவர் நின்றுகொண்டு, "நடிச்சேன்னு எழுதாதீங்க சார். பயந்துதான் ஓடுனேன்" என்றார். அதோடு அவர் சுபேதார் ஆகிற வாய்ப்பு போயிற்று, பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அன்று எனக்கு அவர்மேல் ஆத்திரமான ஆத்திரம். சிவிலியனான என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவுமில்லை.

பிறகு ஒரு தடவை நாசரேத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது, நான் பார்த்ததைச் சொல்லி, ஏன் அந்தப் பக்கம் ஓடினீர்கள் என்று கேட்டேன். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் ஓடினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லையே என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஓட்டத்தைத்தான். சிரிப்பவர்கள் குழிக்குள் இருந்து பார்த்தார்கள், நான் வேனிலிருந்து முழுசாகப் பார்த்தேன். அவர் கொடியைப் போட்ட இடத்துக்கு எதிரிலேயே ஒரு பதுங்குகுழி காலியாக இருந்தது. நாலு எட்டு வைத்தால் உள்ளே குதித்திருக்கலாம். அவர் அதைத் தாண்டி, மறைவே இல்லாத வெட்டவெளியில் ஓடினார். ஹவில்தார் பயந்தது உண்மை. குழிக்குள் குதித்திருந்தால் நிமிர்ந்து நடந்தவர் கண்ணிலிருந்து மறைந்ததுதான் தெரிந்திருக்கும், அவர் பயந்தது வள்ளக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது.