ரெஜினா டீச்சர் எழுதிக்கொண்டு வந்த பதினொரு தாள்கள்

ரெஜினா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்சாப் குழுவில் காலை இடைவேளையின்போது வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனையோ பேருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். ஒரு நடிகரை மட்டும் மூன்று முறை சாகடித்திருக்கிறோம். செய்தியை அனுப்பியவருக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் டீச்சரின் தம்பியையே அழைத்தேன். "ஆமா சார், விடிகாலைல. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, கார்ல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றார். என்ன ஆறுதல் சொன்னேன் என்று நினைவில்லை. கடைசி நேரத்தில் டீச்சர் என்னைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் இறந்த செய்தி கேட்டதும் இப்படியும் ஒருவனுக்குத் தோன்றுமா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஏன் தோன்றியது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் மலாய் படித்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். எங்கள் தோட்டப் பள்ளிக்கு வந்தபிறகு மம்பாவில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மழையோ வெயிலோ மோட்டார் சைக்கிளில்தான் வருவார். பள்ளி முடிந்ததும் நாங்களெல்லாம் வீட்டுக்குப் பறப்போம். அவர் எந்தப் பிள்ளையின் வீட்டிலாவது உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். இருபது வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் மேசை என்னுடையது. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் சிரம்பான் பட்டணத்தில் வளர்ந்தவன். சுபாவத்தில் சந்தேகப் பேர்வழி. மாணவன் வயிற்று வலி என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பேன். அடுத்த நாள் மறுபடியும் கேட்டு, அதே பக்கம்தானா என்று பார்ப்பேன். ஒருநாள் டீச்சர் எல்லோருக்கும் நாசி லெமாக் வாங்கி வந்திருந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து நெத்திலியை முகர்ந்து பார்த்தேன். "சார், மொதல்ல சாப்பிடுங்க. சந்தேகத்த அப்புறமா படலாம் லா," என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முகர்ந்து முடித்த பிறகுதான் சாப்பிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு நான் பகுதி நேரமாகப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். பட்டம் இல்லாவிட்டால் துணைத் தலைமையாசிரியர் பதவி கிடைக்காது. டீச்சர் ஏற்கெனவே பட்டதாரி. அந்தப் பதவிக்கு எங்கள் இரண்டு பேர் பெயரும்தான் பேச்சில் அடிபட்டன. கடைசி ஆண்டில் நூறு பக்கத்துக்குக் குறையாமல் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, செண்டாயான் பக்கம் எழும்பிய புதிய குடியிருப்புத் தாமான்களில் ஒன்றாகிவிட்டது. அங்கிருந்து அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தலைப்பாக எடுத்தேன். முப்பது பேரை நேர்கண்டு எழுத வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் நிபந்தனை.

நான்கு மாதம் இருந்தது. முதல் வாரத்தில் அட்டையை வடிவமைத்தேன். அடுத்த வாரம் அது பிடிக்காமல் மாற்றினேன். உள்ளடக்கத்துக்கு முன்பே நன்றியுரையை எழுதி முடித்தேன். ஒரு மாதம் முழுக்க மற்றவர்களின் ஆய்வேடுகளைப் படித்து அவர்கள் எங்கே காப்பியடித்திருப்பார்கள் என்று தேடினேன். இப்படியே போய், சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் கையில் ஒன்பது நேர்காணலும் பதினேழு பக்கமும்தான் இருந்தன.

ஆண்டிறுதி விடுமுறை. ஆள் இல்லாத ஆசிரியர் அறையில் மடிக்கணினியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடப் புத்தகங்களை அடுக்க வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. இன்னும் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். இருபத்தொரு பேர் என்றேன். "கேள்வித் தாள குடுங்க. நான் போய் ஆளுங்கள பாக்கறேன், நீங்க ஒக்காந்து எழுதுங்க," என்று சொல்லிவிட்டுத் தாள்களை மோட்டார் கூடையில் போட்டுக்கொண்டு போனார்.

நான்காம் நாள் இருபத்தொரு தாளும் என் மேசையில் இருந்தன. நியாயமாக எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கணக்கு. நான் நான்கு மாதத்தில் ஒன்பது. இவர் நான்கு நாளில் இருபத்தொன்றா? படிக்கப் படிக்கச் சந்தேகம் வலுத்தது. என்னிடம் பேசியவர்கள் "பரவால்ல சார்", "இருக்கோம் சார்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. டீச்சரின் தாள்களிலோ பேச்சு பொங்கி வழிந்தது. கருப்பண்ணன் என்று ஒருவர். களை எடுப்பது, உரம் போடுவது என்று வெளிக்காட்டு வேலை செய்தவராம். அவருடைய மூத்த குழந்தையைத் தோட்டத்து இடுகாட்டில் புதைத்திருந்ததாகவும், அதைத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள் என்றும் எழுதியிருந்தது. 'அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பேன். இதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்' என்று முடிந்திருந்தது. நேர்காணலில் யாரும் இவ்வளவு நன்றாகப் பேசமாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

வீடு ஒதுக்கியபோது தோட்டத்து ஆபீசில் தயாரித்த பெயர்ப் பட்டியலின் நகல் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். பத்துப் பேர் பட்டியலில் இருந்தார்கள். பதினொரு பேர் இல்லை. கருப்பண்ணன் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அடுக்குமாடிக்கே போய்க் குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பிடித்தேன். அவர் வெளியூர்க்காரர். அவரும் ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொன்னார். நாலு படி ஏறி எந்த வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கலாம். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டதால் திரும்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வில் பொய் நேர்காணல் பிடிபட்டால் எனக்குப் பட்டம் போகும். பதவி யாருக்குப் போகும்? அடடா, எவ்வளவு நாசூக்காகக் குழி பறிக்கிறார் இந்த அம்மா என்று உண்மையாகவே வியந்தேன்.

பதினொரு தாள்களையும் எடுத்துத் தனியே வைத்தேன். மீதி பத்தொன்பது. முப்பது வேண்டும். நாளும் இல்லை. அதன்பிறகு செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பட்டியலிலிருந்து, யாரும் நேர்காணாத பதினொரு பெயர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சொன்னதாக நானே எழுதினேன். முதல் ஆளுக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசி ஆளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'புதிய வீட்டின் வசதிகள் மனநிறைவளிக்கின்றன' என்று ஆறுமுகம் என்பவர் சொன்னார். வேறு வார்த்தைகளில் மற்ற பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். டீச்சர் பொய் எழுதினார் என்று எடுத்த இடத்தில் நான் பொய் எழுதி வைத்தேன். என் பொய்யில் பெயர்களாவது நிஜம் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, பசை காயாத அட்டையோடு ஆய்வேட்டைக் கொடுத்தேன். பட்டம் வந்தது. பதவியும் வந்தது. முதலில் வாழ்த்தியவர் டீச்சர்தான். கேக் செய்து எடுத்துவந்தார். எல்லோரும் சாப்பிட்டு நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் டீச்சர் என் அறைக்கு வந்தார். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். என் ஆய்வேட்டில் ஆறுமுகம் பேசியதாக இருந்த பக்கம். கருப்பண்ணனின் மகள் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தன் அப்பா பேசியது புத்தகத்தில் இருக்கிறது என்று நூலகத்தில் தேடி எடுத்து, படம் பிடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் நேரே மம்பாவுக்கு வந்து, வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "என் வாயில வேற பேச்ச வச்சிட்டீங்களே டீச்சர்," என்று கேட்டிருக்கிறார்.

கருப்பண்ணன் என்று யாரும் கிடையாதே என்றேன். நான் அப்போதும் விடவில்லை.

"ஆறுமுகம்தான் சார் கருப்பண்ணன். ஐசி கார்டுல ஆறுமுகம். லயத்துல ஒருத்தரும் அவர அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல," என்றார்.

பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல் நிதானமாக விளக்கினார். அந்தக் காலத்தில் குழந்தை பிறந்தால் வேலைக்காட்டை விட்டு அப்பனால் போக முடியாது. பட்டணத்துக்குப் போகும் தோட்டத்து ஆபீஸ் கிராணிதான் பிறப்பைப் பதிந்துவிட்டு வருவார். அவர் வாய்க்கு வந்த பெயர் பத்திரத்தில் ஏறும். வீட்டில் குலசாமி பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. இருபது வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களைத் தவிர அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் ஒரு பெயரும் எனக்குத் தெரியவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு பொய் சொன்னாருன்னு நெனச்சீங்களா, இல்ல நான் பொய் சொன்னேன்னு நெனச்சீங்களா?"

தட்டச்சு செய்த கடையில் தாள்கள் மாறிவிட்டன என்றேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் மாற்றிப் போடும் தட்டச்சுக் கடை உலகத்தில் இல்லை என்று டீச்சருக்குத் தெரியாதா? கருப்பண்ணனிடம் அது தன் தவறுதான் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார். நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நம்பிப் பேசுனது எங்கிட்டதானே சார்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அன்றோடு எனக்கு நிம்மதி போயிற்று. வெட்கம் கொஞ்சம்தான், பயம்தான் நிறைய. இவர் ஏன் சும்மா இருக்கிறார்? எப்போது வெளியே விடப்போகிறார்? கல்வி இலாகாவிலிருந்து தடித்த உறை வந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் பிரிப்பேன். ஆசிரியர் அறையில் அவர் இன்னொருவரோடு தணிந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று கதவோரம் நிற்பேன். ஒருமுறை அப்படி நின்று கேட்டபோது அவர் கீரை விலை பேசிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் அடுக்குமாடியில் டீச்சரைப் பற்றிய பேச்சு பரவிவிட்டது. படித்தவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காப்பி கொடுத்த வீடுகள் கதவைச் சாத்தின. பள்ளி முடிந்ததும் அவர் மோட்டார் நேரே மம்பாவுக்குப் போகத் தொடங்கியதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடக்கப் பூசைக்கு மாதா கோவில் நிறையக் கூட்டம். கருப்பண்ணனும் வந்திருந்தார். எல்லோரும் வரிசையில் போய்ப் பெட்டிக்கு முன் நின்று கும்பிட்டார்கள், சிலர் பூ வைத்தார்கள். அவர் வெளியே மரத்தடியில் நின்றார், உள்ளே வரவில்லை. பத்தடி தூரத்தில் நானும் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். யாராவது பார்ப்பார்கள் என்று காருக்குப் போய்விட்டேன்.

டீச்சருக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டபோது, நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேருக்கு எழுதியதைப் போலவே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிக்குப் போனேன். இந்த முறை கதவைத் தட்டினேன். டீச்சரின் கையெழுத்தில் இருந்த தாளைக் கருப்பண்ணனுக்கு முன்னால் வைத்து, அவர் மகளைப் படிக்கச் சொன்னேன். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மற்ற பத்து வீடுகளுக்கும் போவேன். பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டேன், பட்டத்தையும் பதவியையும் அவர்கள் என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

கருப்பண்ணன் என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீச்சரின் தாளை மகளிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர் பொட்டிக்கு முன்னால போய் நான் கும்பிடக்கூட இல்ல சார்," என்றார்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், நல்ல நினைவுகள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் மேல் விழ வேண்டிய கோபத்தை மூன்று வருஷம் அவர் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். இனி அது என்னிடம் இருக்கட்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களே, கோபத்தை என்னிடம் காட்டுங்கள். டீச்சரை ஒருமுறை கும்பிடுங்கள்.