இலவசப் பதிப்பில் ஒரு பாலம்

எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை மழையில் நனைந்தால் வரும் வாசம் தெரியுமா உங்களுக்கு? புளிப்பும் எண்ணெயும் கலந்து லேசாகக் குமட்டும். அண்ணன் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். அண்ணி மூக்கைப் பிடித்துக்கொள்வார். எனக்கு மட்டும் ஏனோ பிடிக்கும்...

அண்ணன் லோரி டிரைவர். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றுவார். நானும் என் காலேஜ் தோழன் கோபியும் கைப்பேசி கேம் செய்யப்போகிறோம் என்று கிளம்பியபோது எங்களிடம் இருந்த ஒரே மூலதனம் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்வேன். இன்ஜின் உறுமல், ஹோர்ன், தார்ப்பாயில் மழை விழும் சத்தம். ஆற்றுப் பாலம் வரும்போது ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார்.

"பாலத்துல பிரேக்க தொடாத பாப்பா. கைய மட்டும் லேசா வச்சிக்க."

கேமும் அதுதான். குலையை ஏற்று, செம்மண் ரோட்டில் ஓட்டு, பாலத்தைத் தாண்டு, ஆலைக்குப் போய்ச் சேர். எங்கள் கம்பெனி என்பது சுங்கைப் பட்டாணியில் கோபி வீட்டுச் சாப்பாட்டு மேசை. அவன் அம்மா தட்டு வைக்க வந்தால் கம்பெனியை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும்!

முதலில் இலவசமாக விட்டோம். யார் யாரோ இறக்கி விளையாடினார்கள். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நாலு ரோட்டைச் சேர்த்து, காசுக்கு ஒரு பதிப்பு செய்தோம். அப்போதுதான் கேமில் ஒரு பக், ஒரு கோளாறு, கண்ணில் பட்டது. மழை பெய்தால், பாலத்தின் நடுவில் ஒரு நொடி, ஸ்டீயரிங் விரலுக்குக் கட்டுப்படாது. லோரி நேராக ஆற்றில் விழும். எவ்வளவு கெட்டிக்காரன் ஓட்டினாலும் விழும்.

காசுப் பதிப்பில் சரி செய்தேன். அதையே இலவசத்திலும் போட்டுவிடலாமே என்றேன். கோபி தலையை ஆட்டினான்.

"வேணாம்லா. ஃப்ரீலயே எல்லாம் நல்லா ஓடுனா எவன் காசு குடுத்து வாங்குவான்?"

நான் சரி என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இன்றைக்கு வரை என்னைக் குத்துவது அதுதான். 'பாலத்தில் லோரி விழுகிறதே' என்று எழுதியவர்களுக்கெல்லாம் நானே பதில் போட்டேன். காசுப் பதிப்பில் சரியாகிவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று. பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் தேறிவிட்டது. வலது கைதான் மரத்துப்போய்க் கிடந்தது. பயிற்சி செய்தால் திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். விடாமல் பிசைந்தார். கை வலித்தால் பந்தை வைத்துவிட்டுக் கைப்பேசியில் எங்கள் கேமை எடுப்பார். வலது கட்டைவிரலால் மட்டும் ஓட்டுவார். இலவசப் பதிப்பு.

நல்ல பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். கையை எடுக்காமலேயே மறுத்தார்.

"சொந்தக்காரங்க ஓசியில எடுத்தா யாவாரம் உருப்படாது பாப்பா. எனக்கு இது போதும்."

அவர் அப்படித்தான். மச்சான் கடையில் தேத்தண்ணி குடித்தாலும் காசு வைக்காமல் எழுந்திருக்க மாட்டார். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். சும்மா பொழுது போகத்தானே விளையாடுகிறார் என்று நினைத்தேன்... மடச்சி.

சில மாதம் கழித்துப் போனபோது அந்தப் பந்து அலமாரிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். அண்ணன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாராம். மழையில் அந்தப் பாலத்தை ஒரே ஒரு தடவை இந்தக் கட்டைவிரலால் தாண்டிவிட்டால், முதலாளியிடம் போய் லோரியைத் திரும்பக் கேட்பது என்று. மூன்று வாரம் அதே வேலையாக உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் லோரி ஆற்றுக்குள்தான். கடைசியில், பயிற்சிக்கு இனி வரமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக்கே சொல்லிவிட்டார்.

நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, அது உங்க கை இல்லண்ணே. எங்க தப்பு. தெரிஞ்சேதான் விட்டு வச்சோம்."

"பரவால்ல பாப்பா. ரோட்டுல யார் மேலயும் ஏத்தறதுக்கு முன்ன என் கை லட்சணம் தெரிஞ்சிச்சே, அது போதும்."

அன்று சாயங்காலமே இலவசப் பதிப்பைத் திறந்து அதே திருத்தத்தைப் போட்டேன். கோபியிடம் கேட்கவில்லை. ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை அது.

மறுநாள் காலையில் கேமில் மழையை வரவைத்து அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவர் எனக்காக வாங்கிக்கொண்டார். வலது கட்டைவிரலைத் திரையில் வைத்தார். லோரி பாலத்தில் ஏறியது. நடுவுக்கு வந்தது. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் கைப்பேசியை மடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்காக லேசாக்கிட்டியா?"

சத்தியம் செய்தேன். யார் யாரோ எழுதிய புகார்களைக் காட்டினேன். நான் போட்ட பதில்களைக்கூட வெட்கத்தை விட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, சரிம்மா என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றையும் நம்பவில்லை.

இப்போது கோபி பினாங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கிறான். காசுப் பதிப்பை யாரும் வாங்குவதில்லை. இலவசப் பதிப்பு நன்றாகவே ஓடுகிறது. எந்த ஊரிலோ யாரோ மழையில் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறார்கள், என் அண்ணன் லோரியின் ஹோர்னை அடித்துக்கொண்டு...

அவர் வீட்டு வழியாகக் குலை லோரிகள் இன்னும் போகின்றன. மழை நாளில் அந்த வாசம் உள்ளே வரும். அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார். இடது கையால்.