ஜாக்கி என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர்

என் வேலைக் குறிப்பேட்டில், ஐப்பசி இரண்டாம் செவ்வாய்க்கு எதிரே இப்படி இருக்கிறது: ‘கேரவன் ஒன்று. நான்கு மூலையிலும் எலெக்ட்ரிக் ஸ்டெபிலைசர் ஜாக் பொருத்தி வயரிங் முடிந்தது. ஸ்விட்ச் போர்டில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினேன்.’ கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், பைபாஸ் ஓரம் கேரவன் கட்டும் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தேன். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டி அது. நிறுத்திவிட்டு உள்ளே நடந்தால் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் ஸ்டெபிலைசர் ஜாக். ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் சுழன்று கால் இறங்கித் தரையில் ஊன்றும். வண்டியைத் தூக்க அது செய்யப்பட்டதல்ல. பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும்.

‘ஸ்டெபிலைசர்’ என்று ஸ்டிக்கர் அடித்து, என்னைவிட இளையவரான ஓனரிடம் காட்டினேன்.

“ஏண்ணா, இதப் பாத்தா வூட்டு ஃபிரிட்ஜுக்கு மாட்டுற பொட்டின்னுதான் நெனப்பாங்க.”

“அப்ப ‘ஆட்டம் நிறுத்தும் கால்’னு போடட்டுங்களா?”

“வண்டிக்குக் கால் மொளச்சிருச்சான்னு சிரிப்பானுங்க. ஜாக்கின்னு போடுங்கண்ணா. ஜாக்கி தெரியாத டிரைவரு உண்டுங்களா?”

நானும் சிரித்தேன். ‘ஜாக்கி: மேலே, கீழே’ என்று ஒட்டினேன். எல்லா டிரைவருக்கும் ஜாக்கி தெரியும் என்பதுதான் ஆபத்து என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வண்டிக்கு டிரைவராக மாதையன் வந்தார். கார்த்திகையில், சித்தேரி மலைப்பாதையில் பின்டயர் பஞ்சர். முந்தின நாள் மழையில் ஓரத்து மண் ஊறியிருந்தது. டயர் மாற்றும் ஜாக்கி சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. மாதையன் அதை எடுக்காமல் பின்பக்கத்து ஸ்டெபிலைசர் கால்களை இறக்கினார். வண்டி கொஞ்சம் எழும்பியது. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்தபோது ஒரு கால் மண்ணில் வழுக்கி மடங்கியது. வண்டி உட்கார்ந்தது. அவருடைய இடது கை உள்ளே.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டோடு எடுத்திருந்தார்கள்.

“நீங்க யாருங்க?”

“அந்த வண்டிக்கு வயரிங் பண்ணுனவனுங்க.”

“நல்லாத்தான் பண்ணியிருந்தீங்க. மோட்டாரு வெச்ச ஜாக்கி, குனிஞ்சு சுத்த வேண்டாம்னு நெனச்சேன்.” கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “கியரு போடற கைங்க இது. இனி எவன் எனக்கு வண்டி குடுப்பான்?”

வாங்கிப் போயிருந்த ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பட்டறையில் நின்ற வண்டிகளில் எல்லாம் ஸ்டிக்கரை மாற்றினேன்: ‘ஆட்டம் நிறுத்தும் கால். வண்டியைத் தூக்காது.’ ஓனர் இந்த முறை சிரிக்கவில்லை. தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒரு பொருளுக்குப் பெயர் எழுதும்போது, அது எல்லோருக்கும் புரிகிறதா என்பதோடு நிற்காதீர்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் என்ன செய்வார் என்றும் பாருங்கள்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கால்களை இயக்க ஒரு ரிமோட்டும் உண்டு. அதில் எழுத்தே கிடையாது, அம்புக்குறிகள் மட்டும். மாதையன் அன்று அழுத்தியது ரிமோட்டையா, நான் ஸ்டிக்கர் ஒட்டிய போர்டையா என்பது எனக்குத் தெரியாது. அவர் ஊர் அரூருக்குப் பக்கம், ஒரே பஸ்ஸில் போய்விடலாம். இன்னும் போய்க் கேட்கவில்லை.