நான் நடந்து காட்டிய மாப்பிள்ளை

மாங்காய் என்று யாராவது சொன்னாலே போதும், என் தங்கை குட்டிக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். மாங்காயும் வேண்டாம், உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புளிப்பை நாக்குக்கு வரவழைத்து, சப்புக்கொட்டித் தின்று, கடைசியில் பல் கூசுகிறது என்று அழவும் செய்வாள். சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கோடை மத்தியானங்களில், வைக்கோல் போரின் நிழலில் உட்கார்ந்து நாங்கள் ஆடிய அந்த விளையாட்டுக்கு நாங்களே வைத்த பெயர் "நெனப்பாட்டம்". ஒருத்தி ஏதாவது ஒரு பொருளையோ இடத்தையோ சொல்ல வேண்டும், எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், யாருக்கு என்ன வந்தது என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

என் மூத்த தங்கை பட்டுவுக்கு எல்லாம் கண்ணுக்கே வரும். "குமணன்சாவடி வண்டி" என்று சொன்னால், அவள் மூடிய கண்ணுக்குள் மாட்டுக் கொம்பில் பூசிய நீலச் சாயம் தெரியும், வண்டிக்காரன் தலைப்பாகையில் கிழிசல் தெரியும், சக்கரத்துக்குப் பின்னால் ஓடுகிற நாய்க்கு ஒரு காது மடங்கியிருப்பதுகூடத் தெரியும். குட்டிக்கு அதே வண்டி மூக்கு வழியாக வரும். அச்சு மசகும் வைக்கோலும் சாணியும், சாவடிக் கடையில் எண்ணெயில் விழுந்த பக்கோடாவும் என்று அவள் அடுக்கும்போது எங்களுக்கே பசிக்கும். எனக்கோ கண்ணை மூடினால் இருட்டு. கறுப்பு என்றுகூடச் சொல்ல முடியாத வெறும் இருட்டு. ஆகவே இவர்கள் இரண்டு பேரும் கூசாமல் புளுகுகிறார்கள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் அம்மாவிடம் போய்ப் புகாரும் செய்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "பூனை கண்ணை மூடிக்கினா பூலோகம் இருண்டு பூடுமாடீ?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் "பூனை" என்று பெயர் விழுந்துவிட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு வரும். வண்டி என்றால் என் தோள் தானாகக் குலுங்கும். ஏரிக்கரைச் சறுக்கல் என்றால் காலின் கட்டைவிரல் மண்ணைக் கவ்வும். தெருவில் யார் போனாலும் அவர் நடையை அப்படியே நடந்து காட்டிவிடுவேன். இதை ஒரு வித்தை என்று யாரும் மதித்ததில்லை, குரங்குச் சேட்டை என்றார்கள்.

சுதந்திரம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தி, ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த யுத்த காலத்தில், எங்கள் எல்லோருக்கும் மூத்தவளான தனம் அக்காவைப் பெண் பார்க்கக் கொரட்டூரிலிருந்து வருகிறார்கள் என்று செய்தி வந்தது. வீடு இரண்டுபட்டது. அம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்க, நைனா காளைகளைக்கூடக் குளிப்பாட்ட, நாங்கள் மூன்று பேரும் தரையில் கால் பாவாமல் திரிந்தோம். அக்கா மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். அடுத்த தெருவில் எங்கள் பெரியப்பா மகள் ஒருத்தி, புருஷன் முகத்தைத் தாலி ஏறின பிறகுதான் பார்த்தவள், மூன்றே மாதத்தில் கன்னம் வீங்கிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். பெண் தலை நிமிர்ந்தால் ஊர் சிரிக்கும் என்று இருந்த காலம் அது. மாப்பிள்ளைதான் பெண்ணைப் பார்க்கலாமே தவிர, பெண்ணுக்குத் தெரிவது தாம்பூலத் தட்டும் வந்தவர்களின் கால்விரலும்தான்.

நைனா மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "ஆயிரங்காலத்துப் பயிரு. வாழப்போறது அவ. அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பால தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றார். ஆனால் முகத்தையே பார்க்காத ஆளைப் பற்றி அக்கா என்ன வார்த்தை சொல்வாள்? முந்தின நாள் சாயங்காலம் வைக்கோல் போரின் பின்னால் எங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பட்டாளத்துத் துரை மாதிரி ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். "பட்டு, நீ மூஞ்சப் பாத்துக்கோ. குட்டி, நீ கிட்ட போய் மோந்துக்கோ. கொரலை நான் கதவு பின்னால நின்னுக்கினு கேட்டுக்கறேன். நாளைக்கு எனக்கு அந்த ஆளு மொத்தமா வேணும்." என்னைப் பார்த்து என்ன சொல்வதென்று ஒரு கணம் யோசித்துவிட்டு, "நீயும் சும்மா பாரு, பூனை" என்றாள். நெனப்பாட்டம் இப்படி நிஜமாகும் என்று யார் கண்டது! அன்று இரவு எங்களில் ஒருத்தியும் தூங்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் உறவுக்காரப் பெண்கள் சிலரும் வந்த வில்வண்டி வாசற்படியை ஒட்டியே நின்றது. வரவேற்கிற தள்ளுமுள்ளில் யார் இறங்கினார்கள், யார் எப்படி உள்ளே போனார்கள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. தாய்மாமன்தான் எல்லாப் பேச்சையும் பேசினார். மழை, விலைவாசி, கொரட்டூர் ஏரிப் பாசனம் என்று அவர் வாய் மூடவே இல்லை. தலை குனிந்தபடியே தாம்பூலத் தட்டை வைத்துவிட்டு வந்து, கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அக்காவுக்கு மாப்பிள்ளையிடமிருந்து கிடைத்தது ஒரே ஒரு இருமல். சாப்பாடு முடிந்ததும், குமணன்சாவடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து பதில் கேட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிப் புறப்பட்டார்கள். அப்போதும் தாய்மாமன் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு அணைத்தபடியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வண்டி திரும்பினதும் திரும்பாததுமாக அக்கா கிணற்றடிக்கு ஓடி வந்தாள், வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் விதை தூவித் தினமும் தண்ணீர் தெளித்து வளர்த்த முளைக்கீரைப் பாத்தியின் நடுவே பெரிய பெரிய காலடிகள் பதிந்து, இளங்கீரை மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்தது. சாப்பிட்டுக் கைகழுவ வந்த யாரோ வரப்பைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் குறுக்கே மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். "இன்னாடீ இது, வரும்போதே மிதிச்சிக்கினு வர்றானா?" என்று நசுங்கின ஒரு தண்டை நிமிர்த்திப் பார்த்தாள்.

உடனே நெனப்பாட்டம் தொடங்கிவிட்டது. பட்டு கண்ணை மூடிக்கொண்டு மாப்பிள்ளையை எங்கள் முன்னால் நிறுத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அகன்ற நெற்றி, முறுக்கின மீசை, காதில் சிவப்புக் கல் கடுக்கன், கழுத்தில் ஒரு மச்சம். "கடுக்கன் அந்த மாமனுதுடீ" என்றாள் குட்டி. பட்டு விடவில்லை, கண்ணிலேயே நிற்கிறது என்று சத்தியம் செய்தாள். அவள் கண்ணில் நின்றது உண்மைதான், ஆனால் இரண்டு ஆளாகப் பார்த்ததை ஒரே ஆளாக நிறுத்தி வைத்திருந்தாள். குட்டியின் முறை வந்தது. விளக்கெண்ணெய், ஏரிச்சேறு, புதுத்துணிக் கஞ்சி, கூடவே மூக்குப்பொடி என்றாள். மூக்குப்பொடியா என்று அக்கா முகம் சுருங்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் பொடி போடுகிறவர் என்று பட்டு சொல்ல, இரண்டு பேரும் ஒருத்தி பின்னலை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். அம்மாவைக் கேட்டால், "ராசா கணக்கா கீறாரு" என்பதற்கு மேல் பதில் இல்லை. அம்மாவின் மனக்கண்ணில் மருமகன் வேறு எப்படி இருக்க முடியும்?

அக்கா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒரு ஆளைக் கேட்டா ரெண்டு ஆளைக் கொணாந்து நிறுத்தறீங்க. கீரைய மிதிச்சவன் யாருன்னு மட்டும் சொல்லுங்கடீ" என்றாள்.

அப்போதுதான் என் உடம்பு பரபரவென்றது. மற்றவர்கள் உள்ளே இலை எடுத்துக்கொண்டிருந்தபோது நான் கொல்லையில் நின்று, அவர்கள் இரண்டு பேரும் கைகழுவ வந்ததைப் பார்த்திருந்தேன். முகம் எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணை மூடினால் வழக்கம்போல் இருட்டுதான். ஆனால் கால் சும்மா இருக்குமா? முதலில் தாய்மாமனாக நடந்தேன். வயிற்றை முன்னே தள்ளி, கையை வீசி, பாத்திக்கு நேரே வந்ததும் தரையைக்கூடக் குனிந்து பார்க்காமல் குறுக்கே. பிறகு மாப்பிள்ளையாக நடந்தேன். பாத்தியின் ஓரத்தில் நின்று, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, குறுகலான வரப்பின் மேல் ஏறி, வலது காலை முழுசாக ஊன்றி, இடது காலை நுனியில் மட்டும் வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து, இப்படியே முழுப் பாத்தியையும் சுற்றிக் கிணற்றுக்கு வந்தேன்.

நான் வந்து நிற்பதற்குள் அம்மாவும் கிணற்றடிக்கு வந்திருந்தாள். "நொண்டியா?" என்றாள் அம்மா. அடுத்த நிமிஷம் வீடே அதிர்ந்தது. மறைத்துவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த நைனா மீசையைக் கடித்துக்கொண்டார். பிறகு அம்மாவே, "இந்தக் குரங்கு ஏதோ இட்டுக்கட்டி ஆடுது, நாங்க யாரும் பாக்கலியே" என்று என் மேல் பாய்ந்தாள்.

அக்கா எழுந்து வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டாள். "இவளுக்கு இட்டுக்கட்ட வராதும்மா. பட்டு இல்லாததை சேத்து சொல்லுவா, குட்டியும் சேத்து சொல்லுவா, நீ அவங்களுக்கு மேல சேத்து சொல்லுவ. இவ கண்ண மூடினா ஒண்ணுமே இல்ல, எதை எடுத்து சேக்கறது? கால் பாத்தது காலுல வருது" என்றாள். பிறகு, "இன்னொரு தபா நட" என்றாள். நடந்தேன். பாத்தியின் மூலையில் வரப்பு உடைந்திருந்த இடத்தில் அவர் தடுமாறி, கையால் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டாரே தவிர, கீரைப் பக்கம் காலை விடவில்லை. அதையும் நடந்து காட்டினேன். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பத்து வயசுக் காலில் அவள் தன் மாப்பிள்ளையை முதல்முதலாகப் பார்த்தாள்.

"நைனா, நல்ல காலு இருக்கறவன் மிதிச்சிக்கினு பூட்டான். காலு முடியாதவரு சுத்திக்கினு வந்தாரு. எனக்கு சம்மதம். ஆனா ஏன் மறைச்சாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடு" என்றாள் அக்கா.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. நைனா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். தாய்மாமன் அது ஒன்றுமில்லை, சுளுக்கு என்று மழுப்பத் தொடங்கும்போது, காலையிலிருந்து வாய் திறக்காத மாப்பிள்ளை எழுந்து நின்று, "சின்ன வயசுல தண்ணி எறைக்கற ஏத்தத்துலேருந்து வுயுந்துட்டேங்க. மொதல்லயே சொல்லணும்னு சொன்னேன், மாமன் அப்பால பாத்துக்கலாம்னாரு. சொல்லாம உக்காந்திருந்தது என் தப்புதான்" என்றார். கதவுக்குப் பின்னால் அக்காவோடு ஒட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கு அவள் மூச்சு விட்டது கேட்டது. நைனா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துவரச் சொன்னார். எனக்கு மட்டும் ஓர் அதிரசம் கூடுதலாகக் கிடைத்தது. கல்யாணத்தன்று, தாலி ஏறின பிறகு புருஷன் முகத்தைப் பார்த்த அக்கா, மாலையைச் சரிசெய்கிற சாக்கில் என் காதில் குனிந்து, "நட சரியா கீது. மூஞ்சிதான் பட்டு சொன்னதுக்கு சம்பந்தமே இல்ல" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் ஐயர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது சென்னீர்குப்பத்தில் எங்கள் கொல்லை இருந்த இடத்தில் லாரி டயர் விற்கிற கடை இருக்கிறது. பெங்களூர் சாலையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழுவதில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவில் சிரித்து, போனில் பேசி, பிறகுதான் வீட்டுக்கு வருகிறார்கள். நல்லதுதான், ஒரு பெண்ணும் கதவுக்குப் பின்னால் இருமலைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அக்காவின் புருஷன், எங்கள் மாமா, போய்ப் பல வருஷம் ஆயிற்று, சென்ற ஆடியில் அக்காவும் போய்விட்டாள். கண்ணை மூடினால் அக்கா பச்சைப் புடவையில் வந்து நிற்கிறாள் என்று பட்டு போனில் சொல்லி அழுகிறாள். எனக்கு இப்போதும் இருட்டுதான். என் அக்காவின் முகம் எனக்கு வரவில்லை என்று யாரிடம் சொல்லி அழுவது? பட்டுவின் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

அம்பத்தூரில் என் மகன் வீட்டு அடுக்குமாடியைச் சுற்றிச் சாயங்காலம் நடப்பேன். போன வாரம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், ஒவ்வோர் அடிக்கும் என் கால் அரைக் கணம் நின்று நின்று போகிறது. வலி ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷம் மாமாவின் கூடவே நடந்த அக்கா, அவருடைய இடது கால் வந்து சேரட்டும் என்று அப்படித்தான் நின்று நின்று நடப்பாள். அவர் போன பிறகும் அவளுக்கு அந்த நடை மாறவில்லை. கீழ் வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "இன்னா பாட்டி, முட்டி வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, எங்க அக்கா நடக்கறா" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் ஒரு சுற்று நடந்தேன்.