சன்னல் வழியே ஐந்துக்கு ஐந்து

உலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் வீடியோ கேமுக்குப் பத்துக்கு இவ்வளவு, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஐந்துக்குப் போட்டோம். அதற்குப் பின்னால் ஏதோ பெரிய விமரிசனக் கொள்கை இருப்பதாக போனில் நாங்கள் நடத்திய விமரிசனச் சேனலைப் படித்த சிலர் நம்பினார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மை இதுதான்: ஓடுகிற கம்பெனி பஸ்ஸில் பாதி எழுந்து சன்னலில் தலையைக் கொடுக்க வேண்டுமானால், ஒரு கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாக வேண்டும். மார்க் காட்ட மிச்சம் இருப்பது ஒரு கைதான். ஐந்து விரல்தான்.

படப்பையில் ஓர் அறை. அதில் நானும், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த அவனும் இருந்தோம். நான் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் ரப்பர் வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறவன். நன்றாயிருந்தால் பச்சைச் சீட்டு. இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி ‘என்ஜி’, அதாவது ‘நாட் குட்’, என்று எழுத வேண்டும். என் பிரிவுக்கு ஏ ஷிப்ட் மட்டும்தான், காலை ஆறு முதல் இரண்டு வரை. அவன் ஒரகடம் தாண்டி வேறொரு கம்பெனியில், ஒப்பந்தத்தில் இருந்தான். ஒப்பந்தக்காரர் அவனை நிரந்தரமாக்கவில்லை. பி ஷிப்டை மட்டும் நிரந்தரமாக்கினார். இரண்டரைக்குத் தொடங்கும். நான் எழுந்து போகும்போது அவன் தூங்குவான். அவன் வந்து படுக்கும்போது நான் தூங்குவேன். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்போம், அதுவும் அவனுக்கு ஓடி என்கிற ஓவர்டைம் இல்லையென்றால்.

ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பழைய கேம் மெஷின் ஒன்று அறையில் இருந்தது. ஒரே கேம், ஒரே சேவ். காலையில் அவன் ஆடுவான். சாயங்காலம் அவன் விட்ட இடத்திலிருந்து நான் ஆடுவேன். ஆலையில் ஷிப்ட் மாறும்போது அடுத்தவனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிற ஹேண்டோவர் நோட்டு மாதிரி, டிவிக்கு மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன நடந்தது, என்ன பாக்கி, எதில் கவனம் தேவை என்று மூன்று கட்டம் போட்டு வைத்தது நான். நிரப்பியது பெரும்பாலும் அவன். ஏனென்றால் நடக்கிற அளவுக்கு எதையும் நான் செய்ததில்லை. கேம் விமரிசகனாகப் பேர் வாங்கிய காலத்தில் ஒரு கேமைக்கூட நான் என் கையால் முடித்தது கிடையாது. முதல் கட்டத்திலேயே விழுந்து சாவதில் எனக்குத் தனித் திறமை.

ஒரு நாள் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: “நேத்து நான் சேத்து வெச்ச அம்பு அம்புட்டையும் ஒரு ஆட்டு மேல விட்டிருக்க. அந்த ஆடு உனக்கு என்னலே செஞ்சுது?”

பதிலுக்கு நான், ஆடு முதலில் முறைத்தது என்று எழுதினேன். கீழே அவன் சிவப்பு மையில் ‘என்ஜி’ என்று போட்டிருந்தான்.

மார்க் போடும் முறையும் ஆலையிலிருந்து வந்ததுதான். எங்கள் பிரிவில் அளவுக் கருவியைச் சோதிக்க ஒரே பொருளை இரண்டு பேர் அளப்போம். ஒருவன் எடுத்த அளவை மற்றவன் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவனுக்குத் தோதாக இவனும் எழுதிவிடுவான். இதை அவனிடம் சொன்னேன். நாமும் அப்படித்தான் மார்க் போடணும், நோட்டிலும் எழுதக் கூடாது, போனிலும் சொல்லக் கூடாது என்றான். அப்படியானால் எப்போது, எங்கே என்று பார்த்தபோதுதான் சிக்னல் கிடைத்தது.

இரண்டே காலுக்கு என் பஸ் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் படப்பையை நோக்கி நிற்கும். அவன் பஸ் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகிற சில நொடிகள். ஒரு கேம் முடிந்த மறுநாள், அந்தச் சில நொடிகளில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுவோம். இரண்டு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் சேனலில் போடுவேன். சராசரி எடுப்பதில்லை. அதற்குக் கீழே நான் விமரிசனம் எழுதுவேன். படிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. பாதிப் பேர் அவன் ஊர், மீதி எங்கள் பஸ்.

தொழிற்சாலை கட்டி கன்வேயர் ஓட்டுகிற கேம் ஒன்று வந்தது. வெளியூர்ப் பத்திரிகைகள் எல்லாம் ஆஹா என்று கொண்டாடின. அவன் ஒற்றை விரலைக் காட்டினான். எந்த விரல் என்று எங்கள் பஸ்ஸில் ஒரு சர்ச்சையே நடந்தது. சுண்டுவிரல்தான். சம்பளம் இல்லாத ஓடிக்கு அதுவே ஜாஸ்தி என்று ஞாயிற்றுக்கிழமை விளக்கம் சொன்னான்.

மார்க் காட்டுவதற்காக நான் எப்போதும் வலப்பக்க சன்னலில் உட்காருவேன். திரும்பும்போது அந்தப் பக்கம்தான் வெயில் கொளுத்தும். எங்கள் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, சிக்னல் நெருங்கும்போது தானாகவே மெதுவாக ஓட்டுவார். பஸ் நகர்ந்ததும், “இன்னாபா, பார்ட்னர் எவ்ளோ போட்டாரு?” என்று கேட்பார். அவர் வாழ்நாளில் ஒரு கேம் ஆடியதில்லை. ஆனால் அவன் மார்க்கைத்தான் நம்புவார். என் மார்க்கைக் கேட்டதே இல்லை.

கடைசியாக வந்தது படகு கேம். ஒருவன் ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போக வேண்டும். காற்று அடித்தால் படகு போகும். அடிக்காவிட்டால் நிற்கும். அவ்வளவுதான் கேம். சுடுவது, வெட்டுவது எதுவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் சாக முடியாது.

அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. நோட்டு முழுக்க வசவு. கிழக்கே இருந்து கொண்டல் அடிக்கிற நேரத்தில் மேற்கே இருந்து கச்சான் அடிக்குது என்று ஒரு நாள். பாயை இந்தப் பக்கம் கட்டினால் படகு கவுந்துரும், இவன் என்னடான்னா பாட்டு கேட்டுக்கிட்டு போறான் என்று மறுநாள். கடலையே பார்க்காதவன் செய்த கடல் என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம். ஆனாலும் தினமும் ஆடினான். நான் சாயங்காலம் வந்து பார்த்தால், படகு முந்தைய நாளைவிட இரண்டு தீவு தாண்டி நிற்கும். திட்டிக்கொண்டே இவ்வளவு தூரம் போகிறானே என்று எனக்குச் சிரிப்பு. ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு தீவு பாக்கி. முடிப்பதற்கு முன்னால் மார்க் போட்டதே இல்லை. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சிக்னலில் அவன் கையை நீட்டியபோது ஒரு கணம் குழம்பினேன். காலையில் அவனே தீவைத் தொட்டு முடித்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவசர அவசரமாக நானும் நீட்டினேன். என் மார்க் மூன்று.

அவன் கையில் ஐந்து விரலும் விரிந்திருந்தன.

ஐந்து. அவன் இதுவரை எதற்கும் ஐந்து கொடுத்ததில்லை. அதுவும் வாரக்கணக்கில் திட்டித் தீர்த்த கேமுக்கு. அவன் பஸ் நகர்ந்தது. கையை அவன் உள்ளே இழுக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டு போனான். டிரைவர் அண்ணனிடம் ஐந்து என்றேன். அவர், “அப்ப நல்ல படம்தான்” என்றார்.

படப்பை போய்ச் சேருவதற்குள் போனிலேயே விமரிசனத்தை எழுதி முடித்துவிட்டேன். எழுதியதை இன்று படித்தால் கூசுகிறது. கடலை அறிந்தவன் கடலுக்குக் கொடுத்த முழு மதிப்பெண் என்று தொடங்கினேன். தப்பான காற்றுக்குள்ளும் சரியான ஏக்கம் இருக்கிறது என்றெல்லாம் அளந்துவிட்டேன். அவன் ஏன் ஐந்து கொடுத்தான் என்பதற்கு நான் ஆறு காரணம் கண்டுபிடித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சேனலில் போட்டாயிற்று. அவன் ஐந்து, நான் மூன்று.

அறைக் கதவைத் திறந்தேன். அவன் கட்டில் வெறும் பலகையாக இருந்தது. பாயைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தான். கொடியில் என் சட்டை மட்டும் தொங்கியது. நோட்டு டிவி மேல்தான் இருந்தது.

என்ன நடந்தது என்ற கட்டத்தில், ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக முந்தின நாள் ஷிப்டில் சொல்லிவிட்டார்கள், கார்டையும் ஷூவையும் ஒப்படைத்துவிட்டு அப்படியே ரயிலுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தான். பாக்கி என்ற கட்டத்தில் ஒரு தீவு. கவனம் தேவை என்ற கட்டத்தில், “காத்து வாறதுக்கு முந்தி பாய விரிக்காத. எழுப்பலாம்னு பாத்தேன். வாயத் தொறந்து போட்டு தூங்குத, மனசு வரல. போன்ல சொன்னா ஒண்ணு அழுவ, இல்லன்னா ஜோக்கடிப்ப. ரெண்டும் வேண்டாம். சிக்னல்ல பாப்போம்.” அதற்கும் கீழே, விதியை மீறி, மார்க்கையும் எழுதிவிட்டிருந்தான். இரண்டு.

இரண்டு என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு என் வலது கையை விரித்துப் பார்த்தேன். அறிவு அப்போதுதான் வந்தது. வரும்போதே தாமதமாக வருவதுதான் அதன் வழக்கம்.

போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவன் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறி மறுபடி ஒரகடம் போனேன். அவன் கம்பெனிக் காவலாளி என் சீருடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒப்படைத்தவர்கள் எல்லாரும் அப்போதே வேனில் செங்கல்பட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார். திரும்பி நடந்து, அதே மேம்பாலத்துக்குக் கீழே நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன். பாதியில் போன் அடித்தது. பின்னால் ரயில் நிலையத்தின் அறிவிப்புச் சத்தம்.

“எலே, அந்தக் கேமுக்கு எதுக்கு எம்பேர்ல அஞ்சு போட்டிருக்க? ஊர்க்காரப் பய எல்லாம் சிரிக்கான்.”

“நீதானடா காட்டுன.”

“அது டாட்டாலே, கூமுட்ட.”

வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவனே பேசினான்.

“நான் டாட்டா காட்டுதேன், நீ மூணு காட்டுத. வேனுல வாற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். இத்தன நாள் கூட இருந்தோம். எனக்கு மூணுதானாலே?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. அடித்துப் பிடித்து ஏற வேண்டும், வைக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அதன் பிறகு பல தடவை பேசினோம். மாமா படகில் கடலுக்குப் போகிறான். ஆள் கூப்பிட்டால் திரும்ப வருவேன் என்கிறான். ஒப்பந்தக்காரர்கள் கூப்பிடுகிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்வார்கள். எல்லாவற்றையும் பேசுவோம், அந்தக் கேள்வியை மட்டும் அவன் மறுபடி கேட்டதில்லை. என் மார்க்கைத் திருத்து என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். படகு கேமை என் எழுத்தை நம்பி வாங்கிய ஒருவர், படகு நகரவே மாட்டேன் என்கிறது, இதற்கா ஐந்து என்று சேனலில் தினமும் குமுறினார்.

ஆலையில் ஒரு தாளைத் திருத்தினால், பழைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, புதிய எண்ணையும் காரணத்தையும் எழுத வேண்டும். போன வாரம் அப்படித்தான் திருத்தினேன். அவனுடைய ஐந்தைத் தொடவில்லை. என்னுடைய மூன்றை அடித்து ஐந்து ஆக்கினேன். காரணம்: அளவெடுத்தவரின் கவனக்குறைவு.

படகு கேம்காரர் சேனலை விட்டே போய்விட்டார். அவனிடமிருந்து மறுநாள் மத்தியானம் ஒரு படம் வந்தது. விரித்த கை, பின்னால் மங்கலாகக் கடல். விரல் நான்குதான் தெரிந்தது, ஆள்காட்டி விரலில் பெரிய துணிக்கட்டு. தூண்டில் முள் ஏறிவிட்டது, அதையும் சேர்த்து எண்ணிக்கொள் என்று கீழே எழுதியிருந்தான். எண்ணிக்கொண்டேன்.

நான் இன்னும் வலப்பக்க சன்னலில்தான் உட்காருகிறேன். இடப்பக்கம் நிழலில் இத்தனை சீட் காலியாக இருக்க ஏன் வெயிலில் காய்கிறாய் என்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்கு முன் டிரைவர் அண்ணன் பதில் சொன்னார்: “அவருக்கு அங்கதான் மார்க் வரும். நீ கம்முனு குந்து.” சிக்னலில் அவர் இப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்.

நேற்றுச் சாயங்காலம் அந்தப் படகு கேமை அவன் விட்ட இடத்திலிருந்து திறந்தேன். அவன் போனதற்குப் பிறகு அதுதான் முதல் முறை. கடைசித் தீவு தூரத்தில் தெரிந்தது. பாயைச் சுருட்டியே வைத்திருந்தான். காற்று இல்லை. காத்திருந்தேன். துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தேன், சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன், இல்லை. எட்டு மணி வாக்கில் திரையில் அவன் படகின் கயிறு இலேசாக அசைந்த மாதிரி இருந்தது. உடனே மெஷினை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

என்ன நடந்தது: காற்று வரவில்லை.

பாக்கி: ஒரு தீவு. பி ஷிப்ட் ஆள் வந்ததும் தொடரவும்.