எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

டயரே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது? எங்கள் தோட்டத்துக் கோயில் வாசலில் அன்று காலை இதுதான் பெரிய பஞ்சாயத்து. பூசாரி வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில், "எது மொதல்ல தரையில உருளுதோ அதுக்கு முன்னால வெச்சிடுவோம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

வண்டி என் வீட்டுக்காரர் ஓட்ட வேண்டியது. அதன் பின்னால் இருந்த பிடிவாதம் என்னுடையது.

லிங்கி ஆற்றை ஒட்டி எங்கள் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள் நிற்கும் பள்ளமான பிளாக் ஒன்று இருக்கிறது. மழை பிடித்தால் முழுக்கச் சேறு. அங்கே டிராக்டர் ஓட்டுகிறவர் இவர். டிராக்டர் வயிறு வரைக்கும் புதைந்துவிடும். வெட்டிப் போட்ட குலைகள் உள்ளேயே கிடந்து அழுகும். அந்த பிளாக்கையே கைவிடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். பிளாக் போனால் இவருக்கு இங்கே வேலை கிடையாது. சிங்கப்பூரிலிருந்து ஓர் ஏஜென்ட் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நானோ எண்ணெய் மில் ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி, வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓட முடியாது. எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து போகிற புருஷன் எனக்கு எதற்கு?

அந்த எரிச்சலில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோ கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஒரு டிராக்டர். சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அடியில் நீளமாக இரண்டு இரும்பு உருளைகள். திருகாணியில் இருக்கிற மாதிரியே உருளையைச் சுற்றிப் புரி. ஒன்றுக்கு வலச்சுற்று, மற்றதற்கு இடச்சுற்று. இரண்டும் எதிரெதிராகச் சுழல, திருகாணி பலகைக்குள் இறங்குவதுபோல அது பனியைப் பிடித்துக்கொண்டு போகிறது! பின்னால் மரக்கட்டைகளையும் இழுக்கிறது! நான் படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, இங்க பாருங்க! டயரே இல்ல!"

"பனியில ஓடுறத எங்கிட்ட காட்டுறியே, லிங்கியில பனியா பெய்யுது?"

"சேத்துலயும் போகும் லா!"

அதன்பிறகு எனக்குத் தூக்கமே இல்லை, போனில் தேடித் தேடிப் படித்தேன். இந்த யோசனை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. உலகப்போரில் பனிமலைக்குள் படையை அனுப்ப ஓர் ஆங்கிலேயருக்கு இதே கனவு வந்திருக்கிறது. விண்வெளியிலிருந்து திரும்புகிற வீரர்கள் சதுப்பில் விழுந்துவிட்டால் தூக்கி வருவதற்கென்றே ரஷ்யாவில் ஒன்று செய்து, பெரிய லோரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சோறு போடும்போதும் இதே பேச்சு, மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் இதே பேச்சு. "அம்மா தாயே, செஞ்சு தொலைக்கிறேன், ஆள விடு" என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேனேஜரிடம் நானே போய் நின்றேன். கழித்துப்போட்ட குழாய்களையும் பழைய டிராக்டர் இன்ஜினையும் கொடுத்தார். "கோயில் திருவிழாவுக்குள்ள ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா பிளாக்க மூடிடுவேன்" என்றார். மில்லில் வெல்டிங் செய்கிற அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எங்களுக்கே கொடுத்தார். வண்டி எழும்பியது. முன்பக்கம் இரண்டு கூர்மூக்குகளோடு பார்க்கவே ஜோராக இருந்தது!

பூஜை போடாமல் புது வண்டியை ஓட்டலாமா? மூச்! டிரெய்லரில் ஏற்றி, நேராகக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, பூப்போலத் தார் ரோட்டில் இறக்கினோம். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. கூர்மூக்கு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம். இவர் சாமியைக் கும்பிட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

கிரீச்சென்று ஒரு சத்தம். தீப்பொறி பறந்தது. புரிகள் தாரைப் பிறாண்டின, வண்டி கிடுகிடுவென்று நடுங்கியது, இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த அதிர்வில் இரண்டு பழமும் உருண்டுபோய் ஓரமாக நின்றன, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"பழம் நசுங்கலியே, சகுனம் சரியில்ல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேனேஜர் கார் சாவியை எடுத்துவிட்டார். இவர் இறங்கி வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏஜென்ட்டுகிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்" என்று நம்பரை அழுத்தினார். நல்லவேளை, அந்தப் பக்கம் எடுக்கவில்லை.

ரோட்டில் கிடந்த தார்ச் சில்லுகளைப் பார்த்தேன். ரஷ்யாவின் லோரி நினைவுக்கு வந்தது. அடக் கடவுளே! இந்த வண்டிக்கு ரோடு ஆகாது என்றுதானே அவர்கள் லோரியில் ஏற்றினார்கள்! புரி கடித்துப் பிடிக்க மெத்தென்று ஏதாவது வேண்டாமா? ஊருக்கெல்லாம் கதை சொன்ன எனக்கே கோயில் வாசல் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

இவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். "தூக்குங்கண்ணே டிரெய்லர்ல! சேத்துக்குப் போவோம்! சார், நீங்களும் வாங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு பாதியில போனா எப்படி?"

என் சத்தத்துக்குப் பயந்தோ என்னவோ, எல்லாரும் வந்தார்கள். பூசாரி அந்த இரண்டு பழத்தையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். பிளாக்கின் ஓரத்தில் வண்டியைச் சேற்றில் இறக்கினோம். பூசாரி வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் சேற்றில் நின்று, பழங்களை மறுபடியும் வைத்துவிட்டு ஒதுங்கினார்.

இன்ஜின் உறுமியது. உருளைகள் சுழன்றன. இரண்டு பழமும் சேற்றுக்குள் போன இடம் தெரியவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது! ஐயோ, போகிறது! நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. டிராக்டர் புதைகிற இடத்தைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே போய், குலைகளை ஏற்றிக்கொண்டு, தலைமுதல் கால்வரை சேறாக இவர் திரும்பி வந்தார். வெல்டர் அண்ணன் விசிலடித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இறக்கிப்போட்ட குலைகளையே மேனேஜர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைகளைக் குவித்து இவரிடம் கத்தினார்: "மிச்சத்தையும் எடுத்துட்டு வாங்க லா! பிளாக்க மூடல!"

இவர் கையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த இவருடைய போன் அடித்தது. சிங்கப்பூர் ஏஜென்ட். இவர் எங்கே என்று கேட்டான்.

"அவரு வேலையில இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.